அது என்னோட கார்டு இல்லைங்க

"தண்ணி... தண்ணி! கார்டு மேல சொட்டுதுங்க!"

அவள் போட்ட சத்தத்தில் கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சத்தத்துக்குக் காரணமானவன் மட்டும் ஒன்றும் புரியாமல் நின்றான். மழைக்கு ஓடி வந்ததில் அவனுக்கு மூச்சு வாங்கியது. மூக்குக் கண்ணாடி முழுக்க ஆவி படிந்து, எதிரே இருப்பது பெண்ணா பீரோவா என்றுகூடத் தெரியாத நிலை. அவன் தலைமுடியிலிருந்து துளித் துளியாக உருண்ட தண்ணீர், கவுண்டரில் அவள் பத்திரமாகப் பிரித்து வைத்திருந்த, கம்ப்யூட்டர் திரைக்குப் படம் தருகிற கிராபிக்ஸ் கார்டைக் குறி வைத்து இறங்கிக்கொண்டிருந்தது.

"ஐயோ, சாரிங்க... கவனிக்கல..." என்றபடி சட்டைக் கையால் துடைக்கப் போனான்.

"தொடாதீங்க! ஈரக் கை!"

"தொடலைங்க... தொடலை." போலீஸில் மாட்டிக்கொண்டவன் மாதிரி இரண்டு கைகளையும் மேலே தூக்கிவிட்டான். "என்னங்க இது, கைக்குழந்தை மேல பட்ட மாதிரி கத்துறீங்க?"

"கைக்குழந்தைன்னா துவட்டி விட்டுட்டுப் போயிடலாம். இது போனா போனதுதான்."

அவன் சிரித்துவிட்டான். சிரித்தபடியே கண்ணாடியைக் கழற்றி, பையிலிருந்து ஒரு மெல்லிய துணியை எடுத்து நிதானமாகத் துடைக்க ஆரம்பித்தான். அப்போதுதான் அவள் அந்தக் கண்களைப் பார்த்தாள்... கண்ணாடி இல்லாமல், எதையும் சரியாகப் பார்க்க முடியாமல், ஆனால் எதற்கும் கோபப்படாத கண்கள். இமை நுனியில்கூட ஒரு மழைத்துளி. சட்டென்று அவளுக்குத் தான் அவ்வளவு கத்தியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது.

அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தான். நிமிர்ந்தவன், துணியை மடிப்பதை மறந்து அப்படியே நின்றுவிட்டான்.

"அட, நீங்களும் அதே மாடல்தானா?" என்றார் கடைக்காரர். கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற அவரை ஊரே டாக்டர் என்றுதான் கூப்பிடும். ஸ்டெதஸ்கோப்புக்குப் பதில் கையில் ஸ்க்ரூ டிரைவர். அவன் பையிலிருந்து எடுத்து வைத்த கார்டும் அவளுடைய கார்டும் அச்சில் வார்த்தது போல் ஒரே மாதிரி. "உங்களுக்கு என்ன தம்பி?"

"அடிக்கடி திரை கறுத்துடுது டாக்டர். பாதி ஆட்டத்துல பொட்டுனு போயிடுது."

"உங்களுக்கு என்னம்மா?"

"எனக்கு ஒண்ணும் இல்லை. சும்மா பிரிச்சு, தூசி தட்டி, சூடு தணிக்கிற பேஸ்ட் மட்டும் மாத்திக் குடுங்க. பத்திரம்."

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவள் பார்வை அவன் ஈரத் தலைமேல் ஒரு முறை போய் வந்தது. அவன் ஓரடி பின்னால் தள்ளி நின்றுகொண்டான்.

*

கடைகடையாகப் போய், தராசு சரியாக நிறுக்கிறதா என்று சோதித்து முத்திரை போடுகிற அரசாங்க உத்தியோகம் அவளுக்கு. தோளில் ஒரு பெட்டி, அதற்குள் வெல்வெட்டில் படுத்திருக்கும் எடைக்கற்கள். அவள் தெருமுனையில் திரும்பும்போதே "தராசம்மா வருது" என்று கடைகளுக்குள் சேதி ஓடிவிடும். "எல்லாம் ஒண்ணுதாங்க மேடம்" என்று எந்தக் கடைக்காரராவது சொல்லிவிட்டால் போதும், அவளுக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வருமோ. ஒரு கிலோக் கல் இரண்டை அருகருகே வைத்தால், அவை ஒன்றாக இருக்கவே இருக்காது என்பது அவள் தினமும் கண்ணால் பார்க்கிற விஷயம்.

இந்தக் குணத்தால்தான் கல்யாணமும் தள்ளிப் போகிறது என்பது அம்மாவின் புலம்பல். கடைசியாக வந்த மாப்பிள்ளை ரொம்பப் பெருந்தன்மையாக, "எனக்கு எந்தப் பொண்ணா இருந்தாலும் ஒண்ணுதாங்க, அம்மா அப்பா சந்தோஷம்தான் முக்கியம்" என்று சொல்லியிருந்தார். அவள் ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

"நல்ல வார்த்தைதானேடி சொன்னாரு?"

"எந்தப் பொண்ணா இருந்தாலும் ஒண்ணுன்னா, நான் எதுக்கும்மா?"

அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வேலை முடிந்து வந்தால் அவளுக்கு உலகமே அந்தக் கம்ப்யூட்டர்தான். தானே பாகம் பாகமாக வாங்கிப் பூட்டி, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டு, அதில் விளையாடுவாள். விளையாடுவதைவிட அதிகமாக, அந்தக் கார்டைப் பக்குவப்படுத்துவாள். கார்டு செய்கிற கம்பெனிக்காரர்கள், தயாரிக்கிறதிலேயே சோதாக் கார்டும் விழாமல் ஓட வேண்டும் என்பதற்காக, எல்லாவற்றுக்கும் பொதுவாகக் கொஞ்சம் கூடுதல் வோல்டேஜ் வைத்து அனுப்புவார்கள். அந்தக் கூடுதலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தால் கார்டு சூடாகாது, ஃபேன் அலறாது. சூடு குறைந்த இடத்தில் வேகத்தை ஒரு படி ஏற்றிக்கொள்ளலாம். எவ்வளவு குறைக்கலாம் என்பது மட்டும் கார்டுக்குக் கார்டு மாறும். அவளுடையது மைனஸ் தொண்ணூறு மில்லிவோல்ட் வரை தாங்கும். அந்த எண்ணை அவள் எங்கிருந்தும் எடுக்கவில்லை. ஒவ்வொரு படியாக இறங்கி, விழ வைத்து, மறுபடி ஏற்றி, காத்திருந்து கண்டுபிடித்தது.

டாக்டரிடமிருந்து திரும்பி வந்த கார்டைப் பூட்டி ஸ்விட்சைத் தட்டினாள். இயந்திரம் எழும்போதே அந்த மைனஸ் தொண்ணூறைக் கார்டில் வைத்துவிடும்படி ஒரு சின்ன புரோகிராம் ஏற்கெனவே போட்டிருந்தாள். எல்லாம் வழக்கம் போல்தான். பெரிய சண்டைக் காட்சி ஒன்றை ஓடவிட்டாள். ஆடாமல் அசையாமல் தாங்கியது. சண்டை முடிந்து, ஆட்டத்தில் வருகிற குளக்கரையில் சும்மா போய் நின்றாள்.

திரை கறுத்துவிட்டது.

மறுபடி முயன்றாள். சண்டையில் தாங்கியது. குளக்கரையில் விழுந்தது. கனமான வேலையில் கார்டு ஒரே சீராக ஓடும். வேலை குறைகிற நேரத்தில்தான் சட்டென்று உச்ச வேகத்துக்குத் தாவும். வோல்டேஜ் போதாத கார்டு அந்தத் தாவலில்தான் காலை வாரும். இதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனால் அவளுடைய கார்டு அப்படி வாருகிற ஜாதியே இல்லை. உள்ளங்கையை மெதுவாகப் பெட்டியின் மேல் வைத்துப் பார்த்தாள். ஃபேன் சத்தம்கூட வேறு மாதிரி கேட்டது.

"அம்மா... இது என்னோட கார்டு இல்லை."

"அதுல ஏதாச்சும் பேர் எழுதி வச்சிருந்தியா?"

"இல்ல."

"அப்புறம் எப்படித் தெரியும்?"

"தெரியும்மா."

அம்மா தலையில் அடித்துக்கொண்டு போனாள். இயந்திரத்தைக் குறை சொல்லவும் முடியாது. அதற்கு மாடல் பெயரும் ஒன்றுதான், செருகியிருக்கும் இடமும் ஒன்றுதான். அது நிஜமாகவே பழைய கார்டுதான் என்று நம்பி, பழைய எண்ணை எடுத்து வைத்திருந்தது. மாறிப்போனது அவளுக்கு மட்டும்தான் தெரிந்தது.

*

"ரெண்டும் ஒண்ணுதாம்மா..." என்று டாக்டர் ஆரம்பித்தார். அவள் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிக்கொண்டார். "சரி, மாறியிருக்கலாம். ரெண்டையும் பக்கத்துல வச்சுத்தான் ஸ்பிரிட் போட்டுத் துடைச்சேன். நம்பர் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் ரெண்டும் கழண்டு வந்துருச்சு. அந்தத் தம்பி எதிர்ல, ரெண்டு கடை தள்ளி மூக்குக் கண்ணாடிக் கடை வச்சிருக்கு. போய்க் கேட்டுப் பாருங்க."

சுவர் முழுக்கக் கண்ணாடிச் சட்டங்கள் தொங்கிய அந்தச் சின்னக் கடையில், அவன் ஒரு பெரியவரின் மூக்கில் புதுக் கண்ணாடியை வைத்து, காதருகே வளைத்து, எடுத்து, மறுபடி வளைத்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது.

"வாங்க வாங்க! உட்காருங்க. தூரப் பார்வையா, கிட்டப் பார்வையா?"

"பார்வையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அதனாலதான் வந்திருக்கேன். உங்ககிட்ட இருக்கிறது என்னோட கார்டு."

பெரியவர் புதுக் கண்ணாடி வழியாக இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அவன் முகத்தில் மலர்ந்தது மெல்ல வாடியது. "என்னங்க சொல்றீங்க? டாக்டர் சுத்தம் பண்ணினதுலேர்ந்து ஒரு தடவைகூட விழல. இப்பதான் நிம்மதியா ஓடுது..."

"ஓடும். ஏன்னா அது என்னோடது. உங்களோடது என்கிட்ட விழுந்துக்கிட்டு இருக்கு."

"ஒரே மாடல்தானேங்க..." அவன் இழுத்தான். "ரெண்டும் ஒண்ணுதானே?"

போயிற்று. அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. இவனும் அப்படித்தானா? மழைத்துளி நின்ற அந்தக் கண்களைப் போய் இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தோமே என்று தன்மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது.

"ஒண்ணுன்னா குடுத்துடுங்களேன்! உங்களுக்கு என்ன நஷ்டம்?"

அவன் வாயைத் திறந்தான், மூடினான். ஏதோ சொல்ல வந்து, கடையில் பெரியவர் இருப்பதைப் பார்த்து அடக்கிக்கொண்டது போல் இருந்தது.

"ஞாயித்துக்கிழமை கொண்டு வர்றேன்," என்றான் கடைசியில். "உங்க மிஷின்ல போட்டுப் பாருங்க. உங்களோடதுன்னா எடுத்துக்குங்க."

*

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே தூறல். அவன் குடையோடு வந்தான். குடையை வாசலிலேயே மடக்கி, கால்களைத் துடைத்து, தலையைத் துவட்டி, கைகளை உதறிக் காயவிட்ட பிறகுதான் உள்ளே வந்தான். கார்டு ஒரு துண்டில் சுற்றி, அந்தத் துண்டு ஒரு பிளாஸ்டிக் பைக்குள், அந்தப் பை இன்னொரு பைக்குள் இருந்தது. அவள் சிரிப்பை உதட்டைக் கடித்து அடக்கினாள்.

"ஈரமில்லைங்க. பாத்துக்குங்க," என்றான்.

அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "உட்காருங்க தம்பி. சொந்தக் கடையா?" என்று ஆரம்பித்தவளை, "அம்மா, காபி!" என்று சமையலறைக்குத் துரத்த வேண்டியிருந்தது.

கார்டைப் பூட்டினாள். மைனஸ் தொண்ணூறு. சண்டைக் காட்சி தாண்டியது. குளக்கரைக்குப் போய் நின்றாள்.

"இப்ப என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ணக் கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கணும். சும்மா இருக்கும்போதுதான் விழும்."

"எவ்வளவு நேரம்?"

"மனசு நிறையுற வரைக்கும்."

திரையில் குளத்தின் மேல் மழை பெய்தது. ஜன்னலுக்கு வெளியேயும் மழை. இரண்டு நாற்காலிகளும் பக்கத்தில் பக்கத்தில். சோதனை என்றால் சோதனைதானே... எழுந்து போகவும் முடியாது, வேறு வேலை பார்க்கவும் முடியாது. பேசத்தான் முடியும். அவன் கேட்டான், அவள் சொன்னாள். ஒவ்வொரு படியாக இறங்கின கதையை, ஒரு முறை எல்லாம் முடிந்தது என்று சந்தோஷப்பட்ட வேளையில் விழுந்து அழ வைத்த கதையை. யாரும் இதுவரை அவளிடம் அதைக் கேட்டதில்லை. அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். நடுவில் காபி கொண்டு வந்த அம்மா வாசற்படியில் நின்றாள்.

"என்னடி, ரெண்டு பேரும் சும்மா குளத்தைப் பாத்துக்கிட்டு இருக்கீங்க?"

"டெஸ்ட்டும்மா."

"நல்ல டெஸ்ட்டு," என்று அம்மா முணுமுணுத்துக்கொண்டு போனாள்.

திரை கறுக்கவே இல்லை. ஃபேன் இருக்கிற இடம் தெரியாமல் சுற்றியது. அவள் மனசு நிறைவதற்கு முன்பே அவன் சொன்னான்:

"இது உங்களோடதுதாங்க."

அவ்வளவுதான். பேரம் இல்லை, முனகல் இல்லை. ஆனால் அவன் முகத்தில் ஏதோ அணைந்து போனதை அவள் பார்த்தாள். என்ன சொல்லித் தேற்றுவது என்று தெரியவில்லை. தெரியாத இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பூசி மெழுகாமல் பேசியே பழகியவளுக்கு அது எங்கே வருகிறது?

"வருத்தப்படாதீங்க. உங்க கார்டு கொஞ்சம் சுமார் ரகம். எல்லாருக்கும் நல்லது அமைஞ்சுடாது, இல்லையா?"

அவன் தன் கார்டைத் துண்டில் சுற்றினான். நிதானமாகத்தான் சுற்றினான்.

"பரவாயில்லைங்க. சுமாரான கார்டு, சுமாரான ஆளுகிட்ட இருந்துட்டுப் போகட்டும்."

குடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டான். காபி ஆடை கட்டி அப்படியே இருந்தது.

"ஒரு வாய்கூடக் குடிக்காம போகுதே அந்தத் தம்பி. அப்படி என்னடி சொன்ன?"

"உள்ளதைச் சொன்னேன்."

"அதான் உன் வியாதியே."

*

கார்டு கைக்கு வந்துவிட்டது. சந்தோஷம்தான் வரவில்லை. குளக்கரையில் போய் நின்றால் பக்கத்து நாற்காலி காலியாகத் தெரிந்தது. வேலையிலும் மனசு நிற்கவில்லை. ஒரே தராசுக்கு இரண்டு முறை முத்திரை குத்தப் போய், கடைக்காரர் பயந்துவிட்டார். வறட்டுக் கௌரவம் வீட்டில் இருக்கட்டும் என்று ஒருநாள் மதியம் கண்ணாடிக் கடைப் படி ஏறினாள்.

"கண் டெஸ்ட் பண்ணணும்."

"பார்வை நல்லா இருக்குன்னு சொன்னீங்களே?"

"சரியா இல்லையோன்னு இப்ப தோணுது."

அவன் உள்ளறையில் உட்கார வைத்து, விளக்கைக் குறைத்து, அந்தக் கனத்த இரும்புக் கண்ணாடிச் சட்டத்தை அவள் மூக்கின் மேல் மெதுவாக வைத்தான். எதிரே எழுத்துப் பலகை. வட்டச் சில்லுகளை ஒவ்வொன்றாகப் போட்டு எடுத்தான்.

"இது நல்லாத் தெரியுதா... இல்ல, இதுவா?"

"முதல்ல போட்டது."

"இதுவா... இதுவா?"

பதற்றமே இல்லாத குரல். அவசரப்படுத்தாத விரல்கள். ஒரு படி போட்டு, கேட்டு, காத்திருந்து, இன்னொரு படி. அவள் வீட்டில் அந்தக் கார்டோடு செய்கிற வேலையை இவன் இங்கே மனிதர்களோடு செய்துகொண்டிருக்கிறான் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"இதுவா... இதுவா?"

"ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கு."

"இருக்காதுங்க. கால் பாயிண்ட் வித்தியாசம் இருக்கு. நிதானமா பாரு..."

பாதியில் நிறுத்திவிட்டான்.

"அன்னைக்கு என்ன சொன்னீங்க நீங்க?" என்றாள் அவள், இரும்புச் சட்டத்துக்குள்ளிருந்து.

அவன் சிரித்துவிட்டான். அவளும் சிரிக்க, சட்டம் மூக்கிலிருந்து நழுவியது. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் அதைப் பிடித்தார்கள். விரல்கள் பட்டு, விலகின.

"எனக்குத் தெரியாம இல்லைங்க," என்றான் அவன், சட்டத்தைத் துடைத்துக்கொண்டே. "ஒண்ணுன்னு சொன்னா நீங்க போயிடுவீங்கன்னு ஒரு நப்பாசை. எனக்கு அந்தக் கார்டு தேவையா இருந்துச்சு."

"எதுக்கு?"

கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான். ஒரே தங்கை. கல்யாணமாகி எங்கோ தூரதேசத்தில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணனும் தங்கையும், அந்தக் குளம் வருகிற அதே ஆட்டத்தை ஆன்லைனில் சேர்ந்து விளையாடுவார்கள். சண்டை போடும்போது ஒன்றும் ஆகாது. சண்டையெல்லாம் முடிந்து, ஒரு மரத்தடியில் நின்று அவள், "அண்ணா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்..." என்று ஆரம்பிப்பாள். சரியாக அந்த நேரத்தில் இவன் திரை கறுத்துவிடும். அப்புறம் போனில் கேட்டால், "ஒண்ணுமில்லண்ணா."

"நான் போர் அடிச்சுப் போய் கட் பண்ணிட்டேன்னு நெனைக்கிறா போல. அவ குரல் சரியில்லைங்க. அங்க என்ன கஷ்டமோ... சொல்ல வர்றதைக் கேக்கக்கூட முடியலை. உங்க கார்டு வந்தப்புறம் அடுத்த ஞாயிறு கண்டிப்பா சொல்லுவான்னு காத்துக்கிட்டு இருந்தேன். அன்னைக்குத்தான் உங்ககிட்ட கொண்டு வந்து குடுத்தேன்."

இதை வாய் திறந்து சொல்லாமல், கேட்டதும் துண்டில் சுற்றி எடுத்து வந்தவனையா சுமார் ரகம் என்றோம்?

அழுவதற்கு முன் அவளுக்குள் இருந்த தராசம்மா விழித்துக்கொண்டாள். சும்மா நிற்கும்போது மட்டும் விழுகிறதா? வோல்டேஜைக் குறைத்த கார்டுதானே அப்படி விழும்?

"உங்க கார்டுக்கு வோல்டேஜைக் குறைச்சு வச்சது யாரு?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. ஃப்ரெண்டு ஒருத்தன் லினக்ஸ் போட்டுக் குடுக்கும்போது, ஏதோ வீடியோ பாத்து, இதே கார்டுக்குன்னு சொன்ன நம்பரை அப்படியே எடுத்து வச்சான். மிஷின் எழும்போது தானா வந்துடும்னு சொன்னான்."

"யாரோ ஒருத்தரோட நம்பரா?"

"ம்."

"ஏங்க... யாரோ ஒருத்தர் கண்ணாடியை எடுத்து நீங்க மாட்டிக்கிட்டா என்ன ஆகும்?"

"தலை வலிக்கும். ஒண்ணும் சரியா..." அவன் கை அப்படியே நின்றது. பிறகு நெற்றியில் தானே அடித்துக்கொண்டான். "ஐயோ!"

"உங்க கார்டு சுமார் இல்லைங்க. அதுக்கு அந்த நம்பர் ஒத்துக்கல, அவ்வளவுதான். என்னோடது தாங்கும், அதனால உங்க வீட்டுல விழாம ஓடிச்சு. அதுக்கு எது பொருந்தும்னு அதுகிட்டயே கேட்கணும். ஞாயித்துக்கிழமை உங்க மிஷினை எங்க வீட்டுக்குக் கொண்டு வாங்க." குரல் கொஞ்சம் இறங்கியது. "அன்னைக்குச் சொன்னதுக்கு... மன்னிச்சுடுங்க."

அவன் அதற்கு நேராகப் பதில் சொல்லவில்லை. "உங்களுக்கு அரை பாயிண்ட் பவர் இருக்கு," என்றான், சிரிப்பை மறைக்காமல். "பார்வை நல்லா இருக்காமே!"

*

ஞாயிற்றுக்கிழமை மேசையில் இரண்டு கம்ப்யூட்டர்கள். அவள் மூக்கின் மேல் புதுக் கண்ணாடி. முதலில் அந்த இரவல் எண்ணை அழித்தாள். பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்தாள். ஒவ்வொரு படி குறைக்கும்போதும் திரையில் ஒரு சின்னப் பெட்டி எழுந்து, இதை வைத்துக்கொள்ளவா என்று கேட்கும்.

"அது கேட்டதும் நீங்க 'சரி'ன்னு அமுக்கணும். மவுஸ் உங்க கையில."

பெட்டி எழுந்தது. கேட்டது. காத்திருந்தது. மறைந்து போனது.

"என்னங்க, அமுக்கலையா?"

"எதை?" என்றான் அவன். அவன் பார்த்துக்கொண்டிருந்தது திரையை இல்லை.

அவளுக்குக் கன்னம் சூடாகியது. கண்ணாடியைத் தேவையில்லாமல் சரி செய்துகொண்டாள். "கேள்வி கேட்டா பதில் சொல்லணும்ங்க. பதில் சொல்லாம விட்டா பழைய மாதிரியே ஆயிடும். அதுக்குத்தான் அந்தப் பெட்டி."

"சரிங்க டீச்சர்."

மைனஸ் இருபத்தைந்தில் அவனுடைய கார்டு அழகாக நின்றது. தொண்ணூறு இல்லைதான். ஆனால் அதற்குப் பொருந்திய எண் அது, அதற்கு மட்டுமே உரியது. வெறும் குளத்தை வெகு நேரம் பார்த்தார்கள். ஆடவில்லை. மணி பார்த்து அவன் தங்கையை அழைத்தான். கொஞ்ச நேரம் அண்ணனும் தங்கையும் யார் யாரையோ வெட்டிச் சாய்த்தார்கள். பிறகு தங்கையின் உருவம் குளக்கரைக்கு வந்து நின்றது. ஸ்பீக்கரில் குரல் தணிந்தது.

"அண்ணா... உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

அவன் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்தான். அவள் திரையைப் பார்த்தபடி, விழாதே, விழாதே என்று மனசுக்குள் மன்றாடினாள். தன் கார்டுக்காகக்கூட அவள் இப்படி வேண்டிக்கொண்டதில்லை. குளத்தில் மழை பெய்தது. திரை நின்றது.

"சொல்லும்மா. நான் இங்கதான் இருக்கேன்."

"திட்டக் கூடாது."

"திட்ட மாட்டேன். சொல்லு."

"நான்... டிரைவிங் டெஸ்ட்டுல ஃபெயில்ண்ணா. மூணாவது தடவை. இவர்கிட்ட இன்னும் டெஸ்ட்டே வரலைன்னு சொல்லி வச்சிருக்கேன்."

அவனுக்கு ஒரு நொடி எதுவும் புரியவில்லை. பிறகு நெஞ்சு நிறைய ஒரு மூச்சு வெளியே வந்தது.

"அப்பாடா... இவ்வளவுதானா!"

"என்ன இவ்வளவுதானா? பின்னாடி எடுக்கும்போது கம்பத்துல இடிச்சுட்டேண்ணா! அந்த ஆபீசர் வண்டியை விட்டு இறங்கியே போயிட்டாரு!"

வயிற்றில் பால் வார்த்தது போல் இருக்க, அவன் சிரித்தான். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது. கண்ணாடியைக் கழற்றினான். அதே கண்கள், இமை நுனியில் அதே மாதிரி ஒரு துளி... அவள் அவன் கையிலிருந்து கண்ணாடியை வாங்கித் தன் துப்பட்டாவால் துடைத்துக் கொடுத்தாள். அவளுக்கும் மனசிலிருந்து பெரிய பாரம் இறங்கியிருந்தது.

"நீதான் நான் ஆரம்பிச்சதும் ஓடிப் போயிடுவியே. இன்னைக்கு எப்படி இருக்க?"

"நான் எப்பவுமே ஓடலடா. கார்டுதான் விழுந்துச்சு. இப்ப சரி பண்ணிக் குடுத்தவங்க பக்கத்துல இருக்காங்க."

"யாரு... அன்னைக்குத் தண்ணி சொட்டுதுன்னு கத்தினாங்களே, அழகான கண்ணுன்னு சொன்னியே, அவங்களா?"

அறையில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. அதுவும் ரொம்ப மெல்லிசாக. அவன் காது மடல் சிவந்துவிட்டது.

"என்னென்ன சொல்லி வச்சிருக்கீங்க?" என்றாள் அவள்.

"உள்ளதைத்தாங்க சொன்னேன்." அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளை நேராகப் பார்த்தான். "கார்டு மாறினதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. திருப்பிக் குடுத்த அன்னைக்குத்தான் வருத்தம். இனிமே இந்த வீட்டுக்கு வர ஒரு காரணமும் இல்லையேன்னு. ரெண்டும் ஒண்ணுதானேன்னு வாய் தவறி ஒரு தடவை சொல்லிட்டேன். ஆனா எனக்கு யாரா இருந்தாலும் ஒண்ணுன்னு இல்லைங்க. நீங்கதான் வேணும். வேற யாரும் இல்ல."

அவள் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. எத்தனையோ மாப்பிள்ளைகளுக்குப் பட்டென்று பதில் சொன்ன வாய்தான் அது.

அவன் காத்திருந்தான். கண் டெஸ்ட் அறையில் காத்திருந்தது போலவே, அவசரமில்லாமல்.

"பதில் சொல்லாம விட்டா... பழைய மாதிரியே ஆயிடும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆக வேண்டாம்," என்றாள் அவள் அவசரமாக. "பழைய மாதிரி ஆக வேண்டாம். எனக்கும்... நீங்கதான்."

சமையலறையில் டம்ளர் ஒன்று கீழே விழுந்து உருளும் சத்தம் கேட்டது. அம்மா எவ்வளவு நேரமாகக் கதவோரம் நிற்கிறாளோ.

"நான் எதையும் கேக்கலப்பா," என்றது ஸ்பீக்கர். "நான் பாட்டுக்கு இங்க மீன் பிடிச்சிட்டு இருக்கேன்..." கொஞ்சம் நிறுத்தி, ஆசை அடங்காமல், "அண்ணி, உங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?"

அண்ணி என்ற வார்த்தையை முதன்முதலாகக் கேட்டவள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

"தெரியும்மா. பின்னாடி எடுக்கிறதை நான் சொல்லித் தர்றேன். இப்ப நீ எங்கேயும் போகாத... முழுசாப் பேசி முடிச்சுட்டுப் போ."